கெட்ட சேதி வந்து சேரும் நேரம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் புரொடக்‌ஷன் பார்த்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. நேவி ப்ளூ நிறத்தில் ரவுண்ட் நெக் டீ-ஷர்ட் ஆர்டர். தைக்க ஆரம்பித்த மூன்றாம் நாள் மத்தியானம் செக்கிங் டேபிளிலிருந்து ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால், உடம்புத் துணி ஒரு நீலம், கைத் துணி வேறொரு நீலம். டியூப்லைட்டுக்குக் கீழே இரண்டும் ஒன்று போலத்தான் இருந்தன. வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் விரித்ததும் கை மட்டும் லேசாகச் செம்மை தட்டியது. சாயப்பட்டறையிலிருந்து இரண்டு லாட்டாக வந்த துணி கட்டிங்கில் கலந்துபோயிருந்தது. அதற்குள் 1,800 பீஸ் தைத்து முடித்துவிட்டோம்.

நேராகக் கட்டிங் டேபிளுக்குப் போய்ச் சத்தம் போட்டேன். கட்டிங் மாஸ்டர் ஹெல்பரைப் பார்த்தார், ஹெல்பர் ஸ்டோர்காரரைப் பார்த்தார். என் குரல் கொஞ்சம் அடங்கிய பிறகு, பிட்டுகளுக்கு நம்பர் ஸ்டிக்கர் ஒட்டுகிற அக்கா தலை நிமிராமலே சொன்னார்: “முந்தா நேத்துக் காலையிலயே எனக்குத் தெரியுமுங்க. நான் ஜன்னல் ஓரமாத்தான உக்காந்து ஒட்டறேன். கை பிட்டு வேற மாதிரி இருந்துச்சு.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“போன மாசம் ஓட்டை விழுந்த துணியப் பத்திச் சொன்னேனுங்க. ‘ஒட்டற வேலைய மட்டும் பாருங்க’ன்னு சொன்னீங்க.”

அப்படிச் சொன்னது எனக்கு நினைவில்லை. அவருக்கு நாள், நேரம், யார் யார் பக்கத்தில் இருந்தார்கள் என்பது வரை நினைவிருந்தது. நான் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன நாலு வார்த்தை, அந்த அம்மாவின் வாயை ஒரு மாதம் கட்டிவைத்திருந்தது.

ஒரு குழுவுக்குள் நம்பிக்கை இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆயுதபூஜையன்று எல்லோரும் சேர்ந்து சிரித்துப் பேசுவதை வைத்துச் சொல்ல முடியாது. எங்கள் கம்பெனியிலும் அன்றைக்குப் பொரிகடலையைப் பங்கு வைத்துக்கொண்டு நன்றாகத்தான் சிரித்தோம். இத்தனை வருடத்தில் நான் நம்புகிற அளவுகோல் ஒன்றுதான். தப்பு ஒன்று நடந்தால், அதை முதலில் பார்த்தவர் வாயிலிருந்து உங்கள் காதுக்கு அது வந்து சேர எவ்வளவு நேரமாகிறது? பத்து நிமிடத்தில் வந்துவிட்டால் உங்கள் குழு நன்றாக இருக்கிறது. மூன்று நாள் ஆகிறது என்றால் நடுவில் எங்கேயோ ஒரு கதவு சாத்தியிருக்கிறது. என் விஷயத்தில் அந்தக் கதவைச் சாத்தியவன் நானே. லைன் சூப்பர்வைசராகவோ யூனிட் இன்சார்ஜாகவோ புதிதாகப் பொறுப்பேற்கும் நீங்கள் அதைத் திறந்து வைப்பது எப்படி என்பதைத்தான் இந்த அத்தியாயம் முழுக்கச் சொல்லப்போகிறேன்.

சேதி தாமதமாக ஆக விலை எப்படி ஏறுகிறது என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்டிங் டேபிளிலேயே அந்த அக்கா சொல்லியிருந்தால் ரோலை எடுத்து ஓரமாக வைத்திருப்போம், பத்து நிமிட வேலை. ஓவர்லாக்கில் தெரிந்திருந்தால் கையைப் பிரித்து வேறு கை வைக்க வேண்டும். பனியன் துணியில் தையலைப் பிரித்தால் ஓட்டை விழுகிற பயம் வேறு. அயர்ன் பண்ணிப் பெட்டியில் போட்ட பிறகு தெரிந்தால் எல்லாவற்றையும் பிரித்துக் கொட்ட வேண்டும். தூத்துக்குடியில் கப்பலைத் தவறவிட்டால் விமானத்தில் அனுப்புவதைத் தவிர வழியில்லை, அந்தக் கூலி இந்த ஆர்டரின் லாபத்தைத் தின்றுவிட்டு அடுத்த ஆர்டரிலும் கைவைக்கும். பையர் கடையில் மாட்டி வைத்த பிறகு தெரிந்தால் அடுத்த ஆர்டர் என்ற பேச்சே இருக்காது.

நூல் அறுந்தால் நிற்கிற மெஷின்

நிட்டிங் யூனிட்டில் வேலை பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சி. வட்டமாகச் சுற்றிப் பின்னிக்கொண்டிருக்கிற மெஷினில் ஒரே ஒரு நூல் அறுந்தால் போதும், மெஷின் தானே நின்றுவிடும், மேலே லைட் எரியும். ஆபரேட்டர் வருவார், நூலை முடிச்சுப் போடுவார், பட்டனை அமுக்குவார், மறுபடி ஓடும். நின்றதற்காக யாரும் அந்த மெஷினைத் திட்டுவதில்லை. லைட் எரியாமல், நிற்காமல் ஓடியிருந்தால்தான் கவலை. மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள்.

ஜப்பானில் சாகிச்சி டொயோடா 1924-இல் ஒரு தானியங்கித் தறியை முடித்தார். நூல் அறுந்தால் தானாக நிற்பது அதன் குணங்களில் ஒன்று. அந்தக் குடும்பம் பிறகு கார் தொழிலுக்குப் போனது. டொயோடா மோட்டார் கம்பெனி 1937-இல் தொடங்கியது. தறிக்கு இருந்த அந்தக் குணத்தை அவர்கள் கார் லைனில் வேலை செய்கிற மனிதர்களுக்கும் கொடுத்தார்கள். லைன் ஓரமாக ஒரு கயிறு ஓடும். கோளாறு என்று கண்ணில் பட்டால் எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். இழுத்ததும் மேலே பலகையில் விளக்கு எரியும், டீம் லீடர் அந்த இடத்துக்கு வருவார். அந்தக் கட்டத்து வேலை முடிவதற்குள் சரிசெய்துவிட்டால் லைன் நிற்காமல் ஓடும், முடியாவிட்டால் நிற்கும். துணி நெய்கிற ஊரிலிருந்து கார் செய்கிற ஊருக்குப் போன யோசனை இது. பனியன் துணி பின்னுகிற நமக்கு இது அந்நியமானதாக இருக்க நியாயமில்லை.

கயிறு மாட்டுவது சுலபம். விளக்கு, பஸ்ஸர் எல்லாம் கோயம்புத்தூரில் ஒரே கடையில் வாங்கிவிடலாம். இழுத்தவரைத் தேடி வருகிற லீடர் என்ன முகத்தோடு வருகிறார் என்பதில்தான் மற்றதெல்லாம் இருக்கிறது. “இதுக்கா இழுத்த?” என்று ஒருமுறை கேட்டுவிட்டால், அந்தக் கயிற்றை அப்புறம் யாரும் தொட மாட்டார்கள்.

முதலில் வாயில் வருகிற வாக்கியம்

கெட்ட சேதியோடு ஒருவர் உங்கள் முன்னால் வந்து நிற்கிறார். நீங்கள் சொல்லப்போகிற முதல் வாக்கியத்தை அவர் ஒருவர் மட்டும் கேட்கப்போவதில்லை. பத்தடி தள்ளி மெஷினில் குனிந்திருக்கிற இருபது பேரும் கேட்கப்போகிறார்கள். அடுத்த தடவை தங்கள் கண்ணில் ஏதாவது பட்டால் சொல்வதா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்வது அந்த நொடியில்தான்.

நமக்குப் பழகிய முதல் வாக்கியம் “யாரு பண்ணுனது?” என்பது. யோசித்துக் கேட்பதில்லை, தானாக வந்துவிடுகிறது. அந்தக் கேள்வியைக் கேட்டதும் சேதி கொண்டுவந்தவர் காட்டிக்கொடுத்தவர் ஆகிவிடுகிறார். பக்கத்து மெஷின்காரர் பெயரைச் சொன்னால் மத்தியானம் அவரோடு உட்கார்ந்து சாப்பிட முடியாது. சொல்லாவிட்டால் உங்கள் கோபம் இவர் மேல் இறங்கும். இரண்டுக்கும் பதிலாக, அடுத்த தடவை பேசாமல் இருந்துவிடுவார்.

இதை மாற்றிக்கொள்ள எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. கோபம் வரும்போது யோசித்துப் பேச முடியாது என்பதால், ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டேன்: “சொன்னது நல்லதாப் போச்சுங்க. வாங்க, போய்ப் பார்க்கலாம்.” உங்கள் வாய்க்கு எது வருமோ அப்படி ஒன்றை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு விஷயம் இருக்க வேண்டும். சொன்னவருக்கு, சொன்னதால் கெடுதல் இல்லை என்று தெரிய வேண்டும். நீங்கள் எழுந்து அந்த இடத்துக்குப் போக வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்தே “சரி, பார்க்கறேன்” என்பது கேட்காததற்குச் சமம். கையில் போன் இருந்தால் பாக்கெட்டில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

போன இடத்தில் கேட்க வேண்டியவை: எத்தனை பீஸ் இப்படி இருக்கிறது, இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறதா, அடுத்து யாருக்கு உடனே தெரிய வேண்டும். யார் செய்தது என்ற கேள்வி சாயங்காலம் வரை காத்திருக்கட்டும். அதற்குள் அந்தக் கேள்வியே பெரும்பாலும் வேறாகிவிடும். எங்கள் நீலத் துணி விஷயத்தில் சாயங்காலம் நிதானமாகப் பார்த்தபோது, இரண்டு லாட் ரோல்களும் ஒரே ராக்கில் லாட் சீட்டு இல்லாமல் கிடந்தன. அந்த இடத்தில் யார் நின்றிருந்தாலும் அதே தப்பைத்தான் செய்திருப்பார். மறுநாள் முதல் ரோலில் சீட்டு இல்லாமல் டேபிளுக்குத் துணி வரக் கூடாது என்றாக்கினோம். மத்தியானம் நான் போட்ட சத்தத்தால் இது நடந்திருக்காது.

சேதி வர ஆரம்பித்தால் முதலில் தப்புகள் கூடியது போலத் தெரியும். நோட்டில் எழுதி வைக்கிற பழக்கம் இருந்தால் எண்ணிக்கை பளிச்சென்று ஏறும். இங்கேதான் முதலாளிகள் பயந்துபோய்ப் பழைய வழிக்குத் திரும்பிவிடுகிறார்கள். பயப்பட வேண்டாம் என்பதற்கு ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஏமி எட்மண்ட்சன் அமெரிக்க மருத்துவமனைகளில் செவிலியர் குழுக்களை ஆராய்ந்தார். மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகள்தான் விஷயம். ஒற்றுமையாக நடக்கிற குழுவில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கில் தலைகீழாக, நல்ல குழுக்களில் தவறு அதிகமாகப் பதிவாகியிருந்தது. அங்கே இருந்தவர்கள் தவறுகளைப் பயப்படாமல் வெளியே சொல்லியிருந்தார்கள், மற்ற இடங்களில் மூடி மறைத்திருந்தார்கள் என்பது பிறகுதான் புலப்பட்டது. இது 1996-இல் வெளிவந்தது. இதிலிருந்து வளர்ந்த கருத்தைத்தான் அவர் 1999-இல் எழுதிய கட்டுரையில் உளவியல் பாதுகாப்பு என்ற பெயரில் விரித்துச் சொன்னார். உங்கள் டேமேஜ் நோட்டில் எண்ணிக்கை ஏறும்போது முதலாளியிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். முன்பு டேமேஜ் குப்பையில் ஒளிந்திருந்தது, இப்போது நோட்டுக்கு வந்திருக்கிறது.

ஜாடையாகச் சொல்வது

நாம் பெரியவர்களிடம் நேராகச் சொல்ல மாட்டோம். சுற்றி வளைத்துத்தான் சொல்வோம். “இந்தத் துணி கொஞ்சம் ஒரு மாதிரி இருக்குதுங்களோ என்னவோ” என்று ஒருவர் சொன்னால், அவர் மனதில் ‘இதை ஓட்டினால் நாசம்’ என்று இருக்கலாம். மரியாதையால் அதை அவ்வளவு மெலிதாக்கிக் கொடுக்கிறார். அவசரத்தில் இருக்கிற நமக்கு அது காதில் விழுவதில்லை.

1978 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவில் போர்ட்லண்ட் நகருக்கு வந்த யுனைடெட் 173 விமானத்தில் 189 பேர் இருந்தார்கள். சக்கரம் இறங்குவதில் கோளாறு என்று சந்தேகம். கேப்டன் அதைச் சரிபார்ப்பதிலேயே மூழ்கி ஏறத்தாழ ஒரு மணி நேரம் வானத்தில் வட்டமிட்டுக்கொண்டிருந்தார். எரிபொருள் குறைந்துகொண்டே வந்தது. காக்பிட்டில் உடனிருந்தவர்களுக்கு அது தெரியும். பேச்சோடு பேச்சாகக் குறிப்பிட்டும் இருக்கிறார்கள். ஆனால் ‘இப்போதே இறங்காவிட்டால் விழுந்துவிடுவோம்’ என்று கேப்டன் மனதில் தைக்கிற மாதிரி யாரும் சொல்லவில்லை. எரிபொருள் தீர்ந்து, விமான நிலையத்துக்குச் சில மைல் முன்னால் குடியிருப்புப் பகுதியில் விழுந்தது. 10 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் விமானிகளுக்கு, கீழே இருப்பவர் மேலே இருப்பவரிடம் தெளிவாகச் சொல்வதையும், மேலே இருப்பவர் காதுகொடுத்துக் கேட்பதையும் தனிப் பயிற்சியாகவே கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார்கள். யுனைடெட் நிறுவனம் 1981-இல் அதைத் தொடங்கியது. இன்று உலகம் முழுவதும் விமானிகளுக்கு அது கட்டாயம்.

நம் லைனில் உயிர் போகாது என்று நினைக்காதீர்கள். பாய்லர் இருக்கிறது, கரண்ட் இருக்கிறது, கட்டிங் கத்தி இருக்கிறது.

எங்கள் ஆட்களுக்கு நான் கற்றுக்கொடுத்த முறை இது. முறை சொல்லிக் கூப்பிடுங்கள், கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள், எண்ணிக்கையைச் சொல்லுங்கள், என்ன செய்யலாம் என்று கேளுங்கள். “அண்ணா, கை பிட்டு கலர் வேற மாதிரி இருக்கு. இந்த மாதிரி எட்டுக் கட்டு இருக்கு. பார்த்துட்டு ஓட்டலாமுங்களா?” இதில் மரியாதை எங்கும் குறையவில்லை. ‘ங்க’வை விட வேண்டியதில்லை. நம் மொழியில் மரியாதை சொல்லின் வாலில் இருக்கிறது, விஷயத்தை மழுப்பித்தான் மரியாதை காட்ட வேண்டும் என்பதில்லை.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லி வைத்தேன்: “ஒரு தடவ சொல்லி நான் கவனிக்காத மாதிரி இருந்தா இன்னொரு தடவ சொல்லுங்க. அப்பவும் கேக்கலைன்னா நேரா ஆபீஸ்ல போய்ச் சொல்லுங்க. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்.” சொல்வது சுலபம். உண்மையாகவே ஒருவர் என்னைத் தாண்டி ஆபீசில் போய்ச் சொன்ன அன்றைக்கு எனக்கு முகம் சுருங்கத்தான் செய்தது. அன்று சாயங்காலம் அவரிடம் போய், “நல்ல வேலை செஞ்சீங்க” என்று எல்லோரும் கேட்கச் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் முன்பு கொடுத்த வாக்கு வெறும் பேச்சாகியிருக்கும்.

கூப்பிடுகிற விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொங்கு நாட்டில் குழந்தையைக்கூட “வாங்க கண்ணு” என்று கூப்பிடுகிற வீடுகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வருகிற சூப்பர்வைசர், கம்பெனி கேட்டைத் தாண்டியதும் தன் அம்மா வயதுள்ளவரை “ஏய், இங்க வா” என்கிறார். இதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. ஒருமையில் விரட்டப்படுகிறவர் உங்களிடம் வேலையைக் கொடுப்பார், சேதியைக் கொடுக்க மாட்டார். அதுபோல ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து தைக்கிறவர்களை மொத்தமாக ‘ஹிந்திக்காரங்க’ என்று சொல்லிவிட்டுப் போகிறோம். அதில் பாதிப் பேருக்கு வீட்டில் பேசுகிற மொழி ஹிந்தியே அல்ல. ஆளுக்கு ஒரு பெயர் இருக்கிறது. அதைச் சரியாக உச்சரிக்க ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

‘சரிங்க’ என்றால் என்ன பொருள்?

நம் ஆட்கள் சொல்கிற ‘சரிங்க’வுக்குக் குறைந்தது நான்கு பொருள் உண்டு. காதில் விழுந்தது, புரிந்தது, செய்கிறேன், இப்போதைக்கு நீங்கள் போங்கள். எது என்று குரலை வைத்துக் கண்டுபிடிக்கிற திறமை எனக்கு இன்று வரை வரவில்லை.

கழுத்து ரிப் அகலம் இரண்டு சென்டிமீட்டர் என்று ஒருமுறை லைனில் சொல்லிவிட்டு நகர்ந்தேன். எல்லோரும் ‘சரிங்க’ என்றார்கள். தைத்த பிறகு இரண்டா, தையலுக்குள் போவதையும் சேர்த்து இரண்டா என்று நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. முதல் கட்டு வந்தபோது கழுத்துப் பட்டை மெலிந்துபோய்ப் பார்க்கவே வேறு பனியனாக இருந்தது. அன்றிலிருந்து இப்படிக் கேட்க ஆரம்பித்தேன்: “நான் சரியாச் சொன்னேனான்னு எனக்குத் தெரியல. நீங்க புரிஞ்சுக்கிட்டதை ஒரு தடவ சொல்லுங்க.” இதில் ஒரு நுணுக்கம் உண்டு. “புரிஞ்சுதா, திருப்பிச் சொல்லு” என்றால் அது பள்ளிக்கூடப் பரீட்சை, நாற்பது வயதுக்காரரை அவமானப்படுத்துவது. நான் சொன்ன விதத்தைச் சோதிப்பதாக வைத்துக் கேட்டால் அவர் என் தப்பைத் திருத்துகிற இடத்தில் இருக்கிறார். அப்போதுதான், “தச்ச பின்னாடி ரெண்டுங்களா, தைக்கிறதுக்கு முன்னாடி ரெண்டுங்களா?” என்ற கேள்வி வெளியே வரும். மொழி தெரியாத இடத்தில் பேச்சையே விட்டுவிடுங்கள். பையர் ஒப்புதல் கொடுத்த சாம்பிளை லைன் தலைமாட்டில் மாட்டுங்கள், இன்ச் டேப்பை அதன் மேல் வைத்துக் காட்டுங்கள், முதல் பீஸைத் தைத்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வாட்ஸப் குழுவைப் பற்றி ஒரே வார்த்தை: அதில் நேரம், இடம், அளவு மட்டும் போடுங்கள். டேமேஜ் பீஸைப் படமெடுத்துத் தைத்தவர் பெயரோடு போடுகிற வழக்கம் உங்களிடம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். அந்தப் படம் அவர் வீட்டில் அவர் பிள்ளை கையில் இருக்கிற போனிலும் வரும்.

அவர்கள் கேட்பதற்கு முன்னால் சொல்வது

இதுவரை கீழிருந்து மேலே வருகிற சேதியைப் பற்றிப் பேசினோம். மேலிருந்து கீழே போவதற்கும் அதே கணக்குத்தான். உங்களுக்குத் தெரிந்த கெட்ட சேதியை அவர்களுக்கு எத்தனை சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவர்களும் அத்தனை சீக்கிரம் சொல்வார்கள்.

திருப்பூரில் காலை எட்டரைக்கு வந்து இரவு எட்டரை வரை ஒன்றரை ஷிப்ட் பார்ப்பது சாதாரணம். ஷிப்மெண்ட் நெருங்கினால் அதற்கு மேலும் நைட் இருக்கும். அதை எப்போது சொல்கிறோம்? இரவு ஏழு மணிக்கு. டிபன் பாக்ஸைக் கழுவிப் பையில் வைத்துவிட்டு, எட்டரை பஸ்ஸை மனதில் வைத்துக்கொண்டு தைக்கிற அக்காவிடம் போய், “இன்னைக்கு நைட்டு இருக்குதுங்க்கா” என்போம். பக்கத்து வீட்டில் விட்டு வந்த குழந்தைக்கு யார் சோறு போடுவது, மாத்திரை எடுத்துக்கொள்கிற மாமியாருக்கு யார் சொல்வது என்பதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் அவர் தலையில் இறங்கும். இத்தனைக்கும் நைட் இருக்கும் என்று நமக்குக் காலையிலேயே தெரிந்திருக்கும். இப்போதே சொன்னால் ஆள் கழன்றுவிடும் என்று மறைத்து வைத்திருப்போம். அப்படி மறைத்தவரிடம் தன் லைன் தப்பை அவர் ஏன் மறைக்கக் கூடாது?

நான் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு, மத்தியானச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் சொல்லியாக வேண்டும், அதற்குள் சொல்லாவிட்டால் அன்று நைட் கிடையாது என்பது. முடியாது என்கிறவரிடம் காரணம் கேட்பதில்லை. ஆரம்பத்தில் இரண்டு மூன்று தடவை ஆள் குறைந்தது. பிறகு, வரமுடியாதவர்கள் முதல் நாளே வந்து சொல்ல ஆரம்பித்தார்கள். எத்தனை மெஷின் ஓடும் என்று எனக்குச் சரியாகத் தெரிந்ததால் ஷிப்மெண்ட் கணக்குத் தப்பவில்லை.

சனிக்கிழமைச் சம்பளத்துக்கும் இதுவே. சம்பளத்தைத் தள்ளிப்போட இது அனுமதி ஆகாது. உழைத்த காசு அன்றைக்கே கைக்கு வர வேண்டும். ஆனால் பணம் வராது என்று முதலாளிக்கு வியாழக்கிழமை தெரிந்தால், உங்கள் ஆட்களுக்கும் வியாழக்கிழமையே தெரிய வேண்டும். மளிகைக் கடையிலும் வீட்டு ஓனரிடமும் அவர்கள் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளலாம். சனி இரவு எட்டரைக்குச் சொன்னால் அந்த வாய்ப்பையும் நாம் பறித்துவிடுகிறோம்.

உங்கள் தப்பை ஒத்துக்கொள்வது

“ஏதாவது தப்பாச் சொல்லியிருந்தா மனசுல வெச்சுக்காதீங்க” என்பது மன்னிப்பு ஆகாது. என்ன தப்பு என்றே அதில் இல்லை. என்ன செய்தேன், அதனால் உங்களுக்கு என்ன ஆனது, இனி என்ன மாற்றப்போகிறேன் என்ற மூன்றும் இருக்க வேண்டும். இடமும் முக்கியம். திட்டியது எல்லோர் முன்னாலும் என்றால் மன்னிப்பைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பது சரியாகாது.

நீலத் துணி விஷயம் நடந்ததற்கு மறுநாள் காலை, கட்டிங் டேபிளைச் சுற்றி எல்லோரும் நிற்கும்போது அந்த அக்காவிடம் சொன்னேன். “போன மாசம் நீங்க ஓட்டைத் துணியச் சொன்னப்போ நான் உங்க வாய அடைச்சுட்டேன். அதனாலதான் நேத்து இத்தனையும் ஆச்சு. உங்க மேல தப்பு இல்லீங்க. இனி நீங்க சொன்னா கத்திய நிறுத்திட்டுப் பார்க்கச் சொல்லி மாஸ்டர் கிட்டச் சொல்லியிருக்கேன்.” அவர் “சரிங்க” என்றார். நான்கு பொருளில் எது என்று எனக்குத் தெரியவில்லை. தலையைக் குனிந்து ஸ்டிக்கர் ஒட்டுவதைத் தொடர்ந்தார். ஒரே நாளில் எதுவும் மாறிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். அவர் மறுபடி வாயைத் திறக்க நான்கு மாதம் ஆனது.

உங்களிடம் வருகிற எல்லாச் சேதியையும் நீங்களே தீர்த்துவைக்கவும் கூடாது. ஒரு பெண், சூப்பர்வைசர் ஒருவரோ வேறு யாரோ தன்னிடம் தவறாக நடந்துகொண்டதாகச் சொன்னால், இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பஞ்சாயத்துப் பேசாதீர்கள். “அவர் அப்படிப்பட்டவர் இல்லையே” என்று ஒரு வார்த்தை சொல்லாதீர்கள். பணியிடங்களில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க 2013-இல் வந்த சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற ஒவ்வோர் இடத்திலும் இதற்கென்று உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். அதன் தலைவர் ஒரு பெண்ணாக இருக்க வேண்டும். அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், லைனில் எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். எழுதிக் கொடுக்க அவருக்குத் தேவையான உதவியைச் செய்துவிட்டு, கேட்டதை வேறு யாரிடமும் சொல்லாமல் இருங்கள். உங்கள் வாயிலிருந்து அது டீக்கடைக்குப் போனால், அதற்குப் பிறகு எந்தப் பெண்ணும் எதையும் உங்களிடம் சொல்ல மாட்டார்.

வீண் சேதி

கடைசியாக ஒன்று. இதில்தான் பலரும் தவறுகிறார்கள். கதவு திறந்தால் வீண் சேதியும் வரும். தப்பே இல்லாத இடத்தில் தப்பு என்று ஒருவர் வந்து நிற்பார். உண்மையான தப்பைச் சொன்னவரைப் பாராட்டுவது அவ்வளவு கஷ்டமில்லை. வீணாக நிறுத்தியவரிடம் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பதைத்தான் மற்றவர்கள் உற்றுப் பார்ப்பார்கள்.

நான்கு மாதம் என்று சொன்னேன் இல்லையா? ஒருநாள் காலை ஒன்பது மணி சுமாருக்கு அந்த அக்கா இரண்டு கையிலும் இரண்டு பிட்டைப் பிடித்துக்கொண்டு என் டேபிளுக்கு வந்தார். மெரூன் கலர். “அண்ணா, இதைக் கொஞ்சம் வெளிச்சத்துல பாருங்க. ஒண்ணு கூடத் தெரியுது. மாஸ்டர நிறுத்தச் சொல்லிட்டேனுங்க.” கட்டிங் மெஷின் சத்தம் நின்றிருந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஷிப்மெண்டுக்கு ஐந்து நாள்தான் இருந்தது.

வாசலுக்குப் போனோம். வெயிலில் இரண்டையும் ஒட்டி வைத்துப் பார்த்தேன். ஒன்று அடர்த்தியாகத்தான் இருந்தது. தொட்டுப் பார்த்தால் ஈரம். ஜன்னல் விளிம்பில் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலிலிருந்து கசிந்து நனைந்திருக்கிறது. இரண்டு நிமிடம் வெயிலில் பிடித்ததும் இரண்டும் ஒரே மெரூன்.

அவர் முகம் வாடிவிட்டது. “வீணா டேபிள நிறுத்திப்போட்டேனுங்களே.”

“பதினஞ்சு நிமிஷம்தானுங்க்கா. நாளைக்கும் இப்படித் தோணுச்சுன்னா நிறுத்துங்க.” கட்டிங் மாஸ்டருக்கும் கேட்கிற மாதிரி கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுக் கத்தியை ஓட்ட ஆரம்பித்தார். அக்கா தண்ணீர் பாட்டிலை ஜன்னலிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார். காய்ந்த பிட்டைக் கட்டின் மேல் வைத்து, அடுத்த நம்பரை உரித்து ஒட்டினார்.